எழுபது செக்கன்: ஒரு குதிரையோட மூச்சுக் கணக்கு

குருவிட்டயில இருந்து பேசுறேன். பின்னால இரையிறது குரு கங்கை. ராத்திரி முழுக்க மழை, ஆறு நெறஞ்சு போகுது.

இன்னைக்குக் குதிரை ரேஸைப் பத்திப் பேசப் போறேன். அதுலயும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு மீட்டர்ல முடிஞ்சு போற குறுந்தூர ரேஸ்.

எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்காரர். சம்பளம் போட்டா டவுனுக்குப் போய் ரேஸ் பேப்பர் வாங்கிட்டு வருவாரு. ஜூன் மாசம் இங்கிலாந்துல மதியம் ரெண்டரைக்குக் குதிரை ஓடினா நமக்கு இலங்கையில ராத்திரி ஏழு மணி. அஸ்கொட், நியூமார்க்கெட்னு அங்க எந்த மைதானம், எந்தக் குதிரை, எந்த ஜாக்கி எல்லாம் அவருக்கு அத்துப்படி. புக்கி கடையில அவர் விட்ட காசு எவ்வளவுன்னு பாட்டிக்குத்தான் தெரியும். ஆனா ஒரு ரேஸ் குதிரையை அவர் கிட்ட நின்னு பார்த்ததே இல்ல.

நான் பார்த்தேன். நுவரெலியாவுல, ஏப்ரல் சீசன்ல. ரேஸ் முடிஞ்சு குதிரையை நடத்திக் கூட்டிட்டு வர்றாங்க, வேலிக்கு இந்தப் பக்கம் நான். தோலுக்கு மேல நரம்பு கொடி கொடியாப் பொடைச்சு நிக்குது. மூக்குத் துவாரம் ரெண்டும் என் கைமுட்டி போற அளவுக்கு விரிஞ்சு, உள்ளுக்குள்ள ரத்தச் சிவப்பு. விலா ரெண்டும் துருத்தி மாதிரி போய் வருது. நாய் ஓடிட்டு வந்தா நாக்கைத் தொங்கப் போட்டு வாயால இளைக்குமே, குதிரைக்கு அப்படி முடியாது. மூக்கு வழியா மட்டும்தான் அதால மூச்சு வாங்க முடியும்.

அந்த மூச்சுலதான் இந்த ரேஸோட சூட்சுமமே இருக்கு. நாலுகால் பாய்ச்சல்ல குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் எடுக்கும். முன்கால் தரையில ஊனும்போது காத்து வெளிய போகும், உடம்பு நீளும்போது உள்ள வரும். ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய 7 மீட்டர். 1200 மீட்டருக்கு 170, 180 பாய்ச்சல், அத்தனையே மூச்சு. நேரம் கிட்டத்தட்ட 70 செக்கன். அவசரம்னு கூட ஒரு மூச்சு வாங்க வழியில்ல.

அப்ப அந்த வேகத்துக்கு வேணுங்கிற ஒட்சிசனை ரத்தம் எப்படிச் சுமக்குது? அதுக்கு மண்ணீரல் கை கொடுக்குது. குதிரையோட மண்ணீரல் ஒரு ரத்தக் களஞ்சியம். ஓட ஆரம்பிச்சதும் அது சுருங்கி, சேர்த்து வச்ச சிவப்பணுக்களை ரத்தத்துக்குள்ள தள்ளும். ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு 40 சதவீதத்துக்குக் கிட்ட இருந்து 60ஐத் தாண்டிடும். நிமிஷத்துக்கு 30, 40 தடவை அடிச்ச இதயம் 220க்கு மேல அடிக்கும். மனுஷ உடம்பு இந்த ஏற்றத்தைத் தாங்காது.

கால் இன்னொரு அதிசயம். முழங்காலுக்குக் கீழ தசையே கிடையாது, எலும்பும் தசைநாரும்தான். குளம்புங்கிறது நம்ம நடுவிரல் நகம் மாதிரி. ஒரு காலுக்கு ஒத்தை விரல், அந்த விரல் நகத்துல நின்னுதான் 500 கிலோ உடம்பு ஓடுது. பாய்ச்சல்ல ஒரு கணம் மொத்த பாரமும் ஒரே முன்கால்ல விழும், அதுவும் உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கா.

ரேஸுக்குன்னே வளர்க்குற தரோபிரெட் குதிரை எல்லாமே குறுந்தூரத்துக்குத் தோதுப்படாது. சிலது குறுந்தூரத்துக்கு, சிலது நெடுந்தூரத்துக்கு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துற மயோஸ்டாட்டின் மரபணு இதுல பெரிய பங்கு எடுக்குதுன்னு 2010ல டப்ளின்ல எமலின் ஹில்லோட குழு காட்டுனாங்க.

இந்தக் குறுந்தூரம் எப்படி வந்ததுன்னா, அதுக்கும் பல கதை. தாத்தா பேப்பர்ல வட்டம் போடுற அஸ்கொட் கிங்ஸ் ஸ்டாண்ட், இப்ப கிங் சார்ல்ஸ் தி தேர்ட் ஸ்டேக்ஸ்னு பேர், முதல்ல 2 மைல் ரேஸ். தரை ரொம்ப மோசமாப் போனதால தூரத்தைக் குறைச்சாங்க, குறைச்ச அந்த 5 ஃபர்லாங்கே நிலைச்சிருச்சு. ஒரு ஃபர்லாங் 201 மீட்டர். இந்தியாவுலயும் வருஷா வருஷம் இன்விடேஷன் கப்ங்கிற பெரிய ரேஸ் நடக்குற வார இறுதியில ஸ்ப்ரிண்டர்ஸ் கப்னு 1200 மீட்டர் ரேஸ் இருக்கு. மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னைன்னு இடம் மாறி மாறி நடந்து வந்தது. சென்னை கிண்டி மைதானத்தை 2024 செப்டம்பர்ல மாநில அரசு குத்தகையை ரத்து செஞ்சு பூட்டிருச்சு.

அஸ்கொட்ல 2012 ஜூன்ல நடந்த ஒண்ணை மட்டும் நிதானமாச் சொல்லணும். பிளாக் கேவியர்னு ஆஸ்திரேலியப் பெண் குதிரை. ஓடின 21 ரேஸ்லயும் ஜெயிச்சுட்டு, கடல் தாண்டி 1200 மீட்டர் ஓட வந்துச்சு. கடைசி நூறு மீட்டருக்குள்ள முன்னால இருக்கு. ஜாக்கி லூக் நோலன் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சுக் கடிவாளத்தைத் தளர்த்தி, ஓட்டுறதை நிறுத்திட்டாரு. அடுத்த பாய்ச்சல்லயே பின்னால வந்த மூன்லைட் கிளவுட் நெருங்கிருச்சு. போட்டோவை வச்சுத்தான் முடிவு சொன்னாங்க. ஒரு தலை வித்தியாசத்துல பிளாக் கேவியர் ஜெயிச்சுது. பிறகு பரிசோதிச்சுப் பார்த்தா, அதோட தசை கிழிஞ்சிருந்துச்சு. கிழிஞ்ச தசையோடதான் அது கடைசி வரைக்கும் ஓடியிருக்கு. 2013ல ஓய்வு கொடுத்தப்ப கணக்கு 25க்கு 25.

குறுந்தூர ரேஸ்ல கடைசி 200 மீட்டர்ல எல்லாக் குதிரையும் வேகம் குறையும். பின்னால வர்றது பாய்ஞ்சு வர்ற மாதிரி நமக்குத் தெரியும், ஆனா பெரும்பாலும் அதுவும் களைச்சுத்தான் வருது, முன்னால போறதை விடக் கொஞ்சம் கம்மியா. யார் கம்மியாக் களைக்கிறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. அந்தக் களைப்பைச் சாட்டையால போக்க முடியாது.

நுவரெலியாவுக்கே வருவோம். 1875ல இருந்து ரேஸ் பார்த்த ஊர். கொழும்பு ரேஸ் கோர்ஸ்ல இப்ப றக்பி விளையாடுறாங்க, இங்க மட்டும் ரேஸ் இன்னும் நடக்குது. உயரம் 1868 மீட்டர். அங்க ஒரு மூச்சுல கிடைக்கிற ஒட்சிசன் கடல்மட்டத்தை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. எரத்ன பக்கமா சிவனொளிபாத மலை ஏறினவங்களுக்கு நெஞ்சு எப்படி அடிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுன்னு வாங்கி வந்த குதிரை, அங்க அதே ஒரு மூச்சுலதான் ஓடணும்.

வர்ற ஏப்ரல்ல போனீங்கன்னா, வின்னிங் போஸ்ட் பக்கம் கூட்டத்துல முண்டியடிக்க வேணாம். ஓடி முடிச்ச குதிரைகளை நடத்துற இடத்துக்குப் போங்க. ஜெயிச்சதையும் பாருங்க, கடைசியா வந்ததையும் பாருங்க. ரெண்டோட மூக்கும் ஒரே சிவப்பாத்தான் இருக்கும்.