தீர்மானத்துக்குத் துணை

ஜனவரி முதல் தேதியன்று புதிய நாட்குறிப்பைத் திறந்து, முதற் பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில் தீர்மானங்கள் எழுதாதவர் நம்மில் யார்? அதிகாலையில் எழுந்திருப்பது, காப்பியைக் குறைப்பது, தினந்தோறும் செலவுக் கணக்கு எழுதுவது என்று வரிசையாக எழுதுகிறோம். பொங்கல் பானை பொங்குவதற்குள் தீர்மானங்கள் அடங்கிப் போகின்றன. அப்புறம் அந்த நாட்குறிப்பு பால் கணக்கு எழுத உபயோகப்படுகிறது.

நானும் இருபது வருஷ காலமாக இந்தச் சம்பிரதாயத்தை வழுவாமல் அனுஷ்டித்து வந்தவன்தான். என் தீர்மானங்கள் யாருக்கும் தெரியாமல் எழுதப்பட்டன. யாருக்கும் தெரியாமலே முறிந்தும் போயின. சாட்சி இல்லாத தோல்வியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

சென்ற வருஷப் பிறப்பன்று ஒரு புதிய யோசனை தோன்றிற்று. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, "இந்த வருஷம் நான் என்ன தீர்மானம் செய்துகொள்ளலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்றேன். மனைவி சிரித்தாள். மகள் யோசித்தாள். ஏழாம் வகுப்பில் படிக்கும் பையன் மட்டும் தலை நிமிராமல், "கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கோபித்துக்கொள்ளாமல் இருங்கள், அப்பா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையிடம் அந்தப் பொறுமை இல்லை. பல மாதங்களாக அவன் சந்தேகம் கேட்க என்னிடம் வருவதே இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாடமெல்லாம் புரிந்துவிட்டது போலும் என்று எண்ணி நான் மகிழ்ந்திருந்தேன்!

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790) தம்மைத் திருத்திக்கொள்ள ஒரு திட்டம் வகுத்தார். வாரத்துக்கு ஒரு நற்குணம் என்று பயின்று, ஒரு சிறு புத்தகத்தில் ஏழு நாட்களுக்கும் கட்டங்கள் போட்டு, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். குணங்கள் 13; ஆகவே வருஷத்தில் நான்கு தடவை சுற்றி வரலாம். ஆனால் அவர் முதலில் எழுதிய பட்டியலில் இருந்தவை 12 தாம். அவரைக் கர்வமுள்ளவர் என்று பிறர் நினைப்பதாக ஒரு நண்பர் அன்போடு எடுத்துச் சொன்ன பிறகே, பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. அத்தகைய மேதைக்கே தம் குறையைப் பிறர் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நம்மைப் பற்றிச் சொல்வானேன்?

ஆகவே என் தீர்மானம் அன்றே தயாராயிற்று. மகள் ஓர் உபாயம் கண்டுபிடித்தாள். என் குரல் உயர்ந்தால், ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன் வைத்துவிடுவாள். முதல் வாரத்தில் நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. எட்டாம் நாள் டம்ளரைக் கண்டதுமே கோபம் வந்தது. "போதும் இந்த விளையாட்டு!" என்று அதைத் தள்ளிவிட்டேன். பையன் ஓசைப்படாமல் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனான்.

அன்றிரவு மனைவி சொன்னாள்: "உங்கள் ஒருவரை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு, நாங்கள் எல்லோரும் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறோம். அதுதான் பிசகு. காலை வேளையில் பிள்ளைகளை நானும் அதட்டுகிறேன். நாளை முதல் எனக்கும் டம்ளர் வைக்கட்டும்."

இதைக் கேட்டதும், தென்னாப்பிரிக்காவில் நடந்ததாகக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கும் சம்பவம் ஞாபகம் வந்தது. கஸ்தூரிபா நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி காந்தியடிகள் வற்புறுத்தினார். அப்படி அவருக்கே யாராவது சொன்னால் அவராலும் விட முடியாது என்றார் அம்மையார். காந்தியடிகள் மேலும் வாதாடாமல், ஒரு வருஷத்துக்கு அவ்விரண்டையும் தாம் விட்டுவிட்டதாக அக்கணமே விரதம் பூண்டார். அம்மையார் பதறிப்போய், தாமும் விட்டுவிடுவதாகச் சொல்லி, விரதத்தைக் கைவிடும்படி மன்றாடினார். அவர் இசையவில்லை. உபதேசத்தினால் நடவாத காரியம், கூடவே விரதம் இருந்ததனால் நடந்தது.

குடும்பத்தார் செய்யக்கூடிய உதவி இதுதான். காவல் காப்பது சுலபம். கூட நடப்பதுதான் துணை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தீர்மானம் போதும். 'நல்லவனாக இருப்பேன்' என்று பொதுப்படச் சொல்லாமல், இன்ன வேளையில் இன்னது செய்வேன் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. தவறியவரைக் கேலி செய்யாமல் மறுநாள் மீண்டும் தொடங்க இடங்கொடுக்க வேண்டும்.

என் கோபம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் நான்கைந்து தடவை டம்ளர் என் முன்னும் வந்து நிற்கிறது. ஆனால் சென்ற கார்த்திகையில் ஒரு நாள் இரவு, கூப்பிடாமலே பையன் கணக்குப் புத்தகத்துடன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வரும்போதே, எதற்கும் இருக்கட்டும் என்று, மற்றொரு கையில் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்திருந்தான்!