குடுவையில் வளரும் மூலிகை வேர்: தீவகக் கமக்காரர் அறிய வேண்டியவை

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் மணற்றரையிற் சாயவேர் தோண்டுதல் ஒரு தொழிலாயிருந்தது. சித்த மருத்துவர் இம்பூறல் என வழங்கி, இருமலுக்கும் இரத்தங் கக்குதலுக்கும் கொடுக்கும் சிறு பூண்டே அது. அதன் வேரிலுள்ள அலிசரின் என்னும் பொருள் துணிக்குச் சிவப்பேற்றும். 1868ஆம் ஆண்டில் செர்மனியில் கிறேபே, லீபர்மன் என்னும் இருவர் அப்பொருளை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கினர். அதன்பின் வேர்ச்சாயத்தின் சந்தை சரிந்தது.

இப்பொழுது வேரையே நிலமின்றி வளர்க்கின்றனர். கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர் இதே சாயவேரை இவ்வாறு வளர்த்துச் சாயப்பொருள் பெற்றுள்ளனர். முறை பின்வருமாறு: செடியின் சிறு துண்டொன்றைக் கிருமி நீக்கி, சீனியும் தாதுவுப்புக்களும் வேர்விடத் தூண்டும் ஓமோனும் கலந்த கூழில் வைப்பர். கூழை இறுகச் செய்யும் அகர், கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசிகளிலிருந்து கிடைப்பது. இலையின்றி வேர் மட்டும் வளர்வதால், வெயில் தரவேண்டிய உணவைச் சீனி தருகின்றது. தோன்றிய வேர்களைத் திரவத்திலிட்டு, காற்றுப் படும்படி இடையறாது ஆட்டுவர். ஒரு பூஞ்சண வித்து விழுந்தாலும் குடுவை முழுவதும் பாழாகும். ஆகவே இது வீட்டிற் செய்யத்தக்கதன்று.

வேருக்குப் பதிலாகத் தனிக் கலங்களையும் வளர்ப்பதுண்டு. பல ஆண்டு வளர்ந்த வேரிலிருந்து எடுத்த சிக்கோனின் என்னும் செந்நிறப் பொருளை, 1983 முதல் ஜப்பானியர் தொட்டிகளிற் கலங்களை வளர்த்துச் சுமார் மூன்று வாரத்திற் பெற்றனர். உவர்க் கிணற்றோடு போராடும் எமக்கு இது சற்றுப் பொறாமை தருவதே.

எனினும் எல்லா மூலிகையும் இதற்கு இணங்குவதில்லை. எங்கள் மணலில் தானே முளைக்கும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்ரீன் எடுக்கப்படுகின்றது. அதன் ஒரு பாகத்தை இலையின் பலவகைக் கலங்கள் கைமாற்றிக் கைமாற்றியே ஆக்குவதால், தனித்து வளர்த்த கலங்கள் அதனைத் தருவதில்லை. இலை இன்னும் தோட்டத்திலிருந்தே வருகின்றது. ஆனால் 2022இல் மதுவத்தைக் கொண்டு அம்மருந்தின் மூலப்பொருள்களை ஆக்கிக் காட்டியுள்ளனர்.

ஆகையால் மூலிகை நாற்று விற்க வருவோரிடம், வாங்குபவர் யார், எந்தப் பொருளுக்காக, அப்பொருள் தொட்டியிலும் ஆக்கப்படுகின்றதா என வினவுக. விலையும் கொள்வனவும் எழுத்தில் உறுதியாகும்வரை வெங்காயத் தறையையும் நெல்வயலையும் மாற்றற்க. சோதித்துப் பார்க்க விரும்புவோர் வேலியோரத்தில் ஒரு பாத்தி நடலாம். நித்தியகல்யாணி நஞ்சுள்ளது; ஆடுமாடு கட்டும் இடத்திலிருந்து தள்ளி நடுக.