பல் பிடுங்குதல்: விறைப்பூசியா, முழு மயக்கமா?

பல்வலியை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் எம்மவர்கள், அந்தப் பல்லை அகற்றுவதற்குத் தேவையான சில நிமிடங்களை எண்ணி அஞ்சுவது விந்தையானதாகும். கராம்புத் தைலத்துடனும் வலி மாத்திரைகளுடனும் நாட்களைக் கடத்தியபின், வேறு வழியின்றிப் பல் வைத்தியரை நாடும்போது, "மயக்கிவிட்டுப் பிடுங்க முடியாதா?" என்று பலர் கேட்கின்றனர். மறுபுறத்தில், முழு மயக்கம் அவசியமென வைத்தியர் கூறும்போது, அதற்கு அஞ்சிச் சிகிச்சையையே கைவிடுவோரும் உளர். இவ்விரு அச்சங்களும் அறியாமையின் விளைவுகளே.

விறைப்பூசி, பல்லுக்குச் செல்லும் நரம்பின் செய்தியை மூளைக்குச் செல்லவிடாது தற்காலிகமாகத் தடுக்கின்றது. நோயாளி விழித்திருப்பார்; தானாகவே சுவாசிப்பார்; வைத்தியர் கூறுவதைக் கேட்டு வாயைத் திறப்பார். முழு மயக்கத்திலோ மூளையே உறக்கத்தில் ஆழ்த்தப்படுகின்றது. அவ்வேளையில் நோயாளியின் சுவாசத்தையும் இதயத் துடிப்பையும் குருதி அமுக்கத்தையும் கணத்துக்குக் கணம் கவனிப்பதற்கு மயக்கவியல் நிபுணர் ஒருவரும், சத்திரசிகிச்சைக் கூடமும் வேண்டும்.

மயக்க மருந்தின் வரலாறே பல் பிடுங்குதலுடன் பின்னிப்பிணைந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. அமெரிக்கப் பல் வைத்தியரான ஹொரஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைத்திரசு ஒட்சைட்டைச் சுவாசித்துவிட்டுத் தமது பல்லையே பிடுங்குவித்தார். மற்றொரு பல் வைத்தியரான வில்லியம் மோர்ட்டன், 1846 செப்டெம்பரில் ஈதரின் உதவியுடன் ஒருவரது பல்லை வலியின்றி அகற்றினார். அதற்கடுத்த மாதத்தில் பொஸ்டன் நகர வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சைக்காக ஈதரைச் செலுத்திக் காட்டி, வைத்திய உலகையே வியப்பில் ஆழ்த்தியவரும் அவரே.

ஆயினும், உலகுக்கு முழு மயக்கத்தை அளித்த பல் வைத்தியத்துறையே பின்னாளில் அதனைத் தனது நாற்காலியிலிருந்து விலக்கி வைத்தது. 1943 ஆம் ஆண்டில் சுவீடனின் நில்ஸ் லொஃப்கிரன் உருவாக்கிய லிடோகெயின், அதாவது லிக்னோகெயின், விறைப்பூசியை நம்பகமானதாக்கியது. பல் சிகிச்சை நிலையங்களில் முழு மயக்கத்தின்போது அரிதாக எனினும் மரணங்கள் நிகழ்ந்ததையடுத்து, 2001 ஆம் ஆண்டின் இறுதியுடன் பிரித்தானியா அந்நடைமுறையை நிறுத்தி, முழு மயக்கத்தை வைத்தியசாலைகளுக்கு மட்டுப்படுத்தியது.

இதற்கான காரணம் எளிதானது. பல் பிடுங்கும்போது வைத்தியரின் கருவிகளும் நோயாளியின் சுவாசமும் ஒரே வாசலையே பங்கிட்டுக்கொள்கின்றன. விழித்திருப்பவர் வாயில் ஊறும் குருதியையும் உமிழ்நீரையும் துப்பிவிடுவார். இருமித் தம்மைக் காத்துக்கொள்வார். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதயம், நுரையீரல் நோய்கள் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் கூடுகின்றது. தகுதிபெற்ற நிபுணரின் கண்காணிப்பில் முழு மயக்கம் இன்று மிகவும் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு பல்லுக்காகத் தேவையின்றி அதனை நாடுவது பொருத்தமற்றது.

அவ்வாறாயின் அது யாருக்குத் தேவை? ஒரே தடவையில் பல பற்களை அகற்றவேண்டிய சிறு குழந்தைகள், ஒத்துழைக்க இயலாத மாற்றுத்திறனாளிகள், தாடை எலும்பினுள் ஆழமாகப் புதைந்த ஞானப்பற்களை உடையவர்கள், கிருமித்தொற்று பரவி வாய் திறக்க முடியாதிருப்பவர்கள் ஆகியோருக்கு முழு மயக்கமே உகந்ததாகலாம். ஏனையோரின் சாதாரணப் பல் பிடுங்குதலுக்கு விறைப்பூசியே போதுமானது. அச்சம் மிகுந்தோருக்கு, வசதியுள்ள இடங்களில் நினைவு தவறாது அமைதியூட்டும் சிகிச்சையும் உண்டு.

விறைப்பூசிக்கும் எல்லைகள் உள்ளன. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசுக்கள் அமிலத்தன்மை அடைவதால் மருந்து சரிவர வேலை செய்யாது போகலாம். "ஊசி போட்டும் வலித்தது" என்ற முறைப்பாட்டின் பின்னணியில் பெரும்பாலும் இதுவே காணப்படுகின்றது. விறைத்த பின்னரும் அழுத்தமும் அசைவும் உணரப்படும். கூரிய வலி உணரப்படலாகாது. வலித்தால் கையை உயர்த்தித் தெரிவிக்க வேண்டும். மேலதிக ஊசி போடவோ, தொற்றைத் தணித்துப் பிறிதொரு நாளில் பிடுங்கவோ வைத்தியரால் முடியும்.

உணவு விடயத்திலும் குழப்பம் நிலவுகின்றது. முழு மயக்கத்துக்கு முன்னர் பொதுவாக ஆறு மணித்தியாலங்களுக்குத் திண்ம உணவு உட்கொள்ளலாகாது. விறைப்பூசிக்கோ இந்தக் கட்டுப்பாடு இல்லை. வெறும் வயிற்றுடன் வந்து மயங்கி விழுவோரே அதிகம். ரமழான் காலத்தில் இது குறித்து முஸ்லிம் வாசகர்களுக்குக் கேள்வி எழுவது இயல்பே. போசணை அளிக்காத ஊசி நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்தாகும். எனினும் குருதியை விழுங்க நேரிடலாமாகையால், அவசரமற்ற பல்லை நோன்பு திறந்தபின் அகற்றுவது சிறந்தது. வீக்கமும் காய்ச்சலும் இருப்பின் தாமதித்தல் ஆகாது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்துள்ளது.

எந்த முறையாயினும், வைத்தியரிடம் எதனையும் மறைத்தல் கூடாது. நீரிழிவு, இதய நோய், கர்ப்பம், முன்னைய ஒவ்வாமை, குருதி உறையாமை என்பவற்றைத் தெரிவிப்பது கட்டாயமாகும். வோபரின், அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைப் பாவிப்போர் அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. உட்கொள்ளும் மாத்திரைகளை அப்படியே எடுத்துச்சென்று காட்டுவதே மிக எளிய வழி. பெற்றோரும், பிள்ளைகளை அடக்குவதற்காக "ஊசி போடுவிப்பேன்" என்று அச்சுறுத்துவதைக் கைவிட வேண்டும். இன்று விதைக்கப்படும் அந்த அச்சமே நாளை அவர்களைப் பல் வைத்தியரிடமிருந்து விலக்கி வைக்கின்றது.

அவ்வாறு விலகியிருப்பதன் விலை பெரிது. சொத்தைப் பல்லின் தொற்று தாடைக்குக் கீழும் கழுத்துக்கும் பரவினால் நாக்கு மேலெழும். விழுங்க முடியாது போகும். இறுதியில் சுவாசப் பாதையே அடைபடலாம். ஓர் ஊசிக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தவர், வாய் திறக்க முடியாத நிலையில், மயக்கவியல் நிபுணர்களே தயங்கும் சூழலில், முழு மயக்கத்துக்கு உட்பட வேண்டியவராகின்றார். விறைப்பூசியா, முழு மயக்கமா என்று ஆறுதலாகத் தெரிவு செய்யும் வாய்ப்பு காலத்தோடு செல்பவருக்கே உரியது. தாமதிப்பவருக்கு அத்தெரிவை நோயே செய்துவிடுகின்றது.

அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கும் எமது நாட்டில், அச்சம் ஒன்றின் பொருட்டு அந்த வாய்ப்பை இழப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. வலி தொடங்கிய வாரத்திலேயே வைத்தியரை நாடி, எமது ஐயங்களை வாய்விட்டுக் கேட்டுத் தெளிவதே அறிவுடைமையாகும்.