தானாக மாறும் லைற்றை எப்ப நிறுத்த வேணும்?

டிசம்பர் மாதம் ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும். தமிழ் வகுப்பு, மிருதங்க வகுப்பு, ஹொக்கி என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற எங்களுக்குக் குளிர்காலம் முழுக்க இரவு ஓட்டம்தான். எதிரே வண்டி வந்தால் தானாகவே ஹைபீமை இறக்கிக்கொள்கிற லைற் இப்போது அநேகமான புதுக் கார்களில் வருகிறது. நல்ல வசதி, நானும் பாவிக்கிறேன். மகள் ஜி1 எடுத்துக் கார் பழகத் தொடங்கிய பிறகுதான், அதை எந்த நேரத்தில் நிறுத்துவது என்று வாய் திறந்து சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. "அம்மா, காரே பார்த்துச் செய்யுந்தானே?" என்று கேட்டாள்.

செய்யும். எதைப் பார்த்துச் செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்கண்ணாடியின் உட்பக்கம், மேலே ஒரு சின்னக் கமரா இருக்கும். எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைற், முன்னே போகிற வண்டியின் சிவப்பு லைற், தெருவிளக்கு இவற்றைத்தான் அது முக்கியமாகத் தேடுகிறது. கண்டால் ஹைபீமை இறக்கும். சில கார்களில் முழுவதும் இறங்காது. மற்ற வண்டி நிற்கிற பகுதியை மட்டும் இருட்டாக்கிவிட்டு மிச்சத்தில் ஹைபீம் எரியும். இந்த இரண்டாவது வகைக்குக் கனடா 2018இலும் அமெரிக்கா 2022இலும்தான் அனுமதி கொடுத்தன. ஸ்ரியரிங் திருப்புகிற பக்கம் தானும் திரும்புகிற லைற் வேறு சங்கதி. அதை நிறுத்த வேண்டிய தேவை அநேகமாக வராது, விட்டுவிடலாம்.

வெளிச்சத்தைத் தேடுகிற கமராவுக்கு வெளிச்சம் இல்லாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர், மங்கலான லைற்றோடு சைக்கிளில் வருகிற பொடியன், கறுப்பு விண்டர் ஜக்கெற் போட்ட எங்கள் பிள்ளைகளே கூட அதில்தான் அடக்கம். நடைபாதை இல்லாத கொற்றேஜ் றோட்டில் ஹைபீம் தேவை, அது இருந்தால்தான் தூரத்திலேயே ஆளைக் காணலாம். கண்ட பிறகு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளுக்குக் கால் வைக்கிற இடம் தெரியாது. கார் இறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே இப்படியான றோட்டில் நான் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால்தான் போட்டு எடுப்பேன்.

மார்க்கத்துக்கு வடக்கே ஸ்ரூவில், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போனால் றோட்டு ஏறி இறங்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறது என்பது எங்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். வானத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் எழும்பும், மரங்கள் வெளுக்கும். கமரா எதிர்வண்டியின் லைற்றை நேரே கண்ட பிறகுதான் இறக்கும். அந்த ஒரு கணம் எதிரே வருகிறவருக்குக் கண் கூசிப் போகும். வளைவுகளில் இதற்கு நேர்மாறான தொல்லை. மஞ்சள் அறிவிப்புப் பலகையில் எங்கள் வெளிச்சமே பட்டுத் திரும்பிவர, கமரா அதை வண்டி என்று நினைத்து, ஹைபீம் மிகவும் தேவையான இடத்தில் இறக்கிவிடும். மான் குறுக்கே பாய்கிற றோட்டில் இது சின்ன விஷயமில்லை.

மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போகிற ஆட்கள் கவனிக்க வேண்டியது 401இல் நடுவே கொங்கிறீற் சுவர் இருக்கிற இடங்கள். எதிரே வருகிற ட்ரக்கின் ஹெட்லைற்றைச் சுவர் மறைத்துவிடும், கமராவுக்கு ஒன்றும் தெரியாது. ட்ரைவர் உயரத்தில் இருக்கிறார். எங்கள் ஹைபீம் சுவருக்கு மேலால் நேரே அவர் முகத்தில் அடிக்கும். அத்தனை தொன் பாரத்தோடு வருகிற ஆளின் கண்ணை இரண்டு செக்கன் கட்டிவிட்டு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுவர் தொடங்கினால் ஹைபீமே வேண்டாம்.

பனி கொட்டும்போதும் புகாரிலும் அதே கதைதான். ஹைபீம் பனித்துகளில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திரை மாதிரி முன்னால் நிற்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. கமராவுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் ஐஸ் பிடித்தால் அதன் பார்வையும் போய்விடும். லோபீமில் வைத்து மெதுவாகப் போவதுதான் வழி. இன்னொன்று: அப்பாவின் பழைய கொறோல்லாவில் ஹலோஜன் பல்ப்பின் சூடே பனியை உருக்கிவிடும். எல்இடி லைற்றின் முன்கண்ணாடி அவ்வளவு சூடாகாது, பனி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட ஓட்டத்தில் கோப்பிக்கு நிறுத்தும்போது ஹெட்லைற்றையும் ஒருக்கால் துடைத்துவிடுங்கள்.

ஒன்ராறியோ சட்டத்தில், எதிரே வண்டி 150 மீற்றருக்குள் வந்தாலும், முன்னே போகிற வண்டிக்கு 60 மீற்றருக்குள் நாங்கள் போனாலும் லோபீம்தான் எரிய வேண்டும். பொலிஸ் மறித்தால் "கார் இறக்கேல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது, ஓட்டுகிறவர்தான் பொறுப்பு. மகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப பிறகு ஏன் அதை வச்சிருக்கிறாங்கள்?" என்று சிரித்தாள். நேரான, இருண்ட, ஆள் நடமாட்டமில்லாத, வானம் தெளிந்த றோட்டுக்கு என்றேன். அங்கே அது என்னைவிட விரைவாக வேலை செய்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

பழகுகிற பிள்ளைகளுக்கு முதல் சில மாதம் தானியங்கி முழுக்க நிறுத்தியே இருக்கட்டும் என்பது என் எண்ணம். லிவரைத் தள்ளி இழுத்துக் கைக்குப் பழக்கம் வந்தால்தான் தேவைப்படுகிற நேரத்தில் கை தானாகப் போகும். ஜி1 வைத்திருக்கிறவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை ஓட்ட முடியாது; அது பரவாயில்லை, குளிர்காலத்தில் ஆறு மணிக்கே வேண்டிய அளவு இருட்டு இருக்கிறது. அநேகமான கார்களில் தானியங்கி வேலை செய்யும்போது டாஷில் லைற் படத்தோடு 'ஏ' என்ற எழுத்து எரியும். அதை நிறுத்துவது சில கார்களில் லிவரில், சிலவற்றில் பட்டனில், சிலவற்றில் திரைக்குள்ளே எங்கேயோ. வீட்டு வாசலில் காரை நிறுத்திவைத்து, அந்த எழுத்து எப்படி மறைகிறது என்று பிள்ளையையே தேடிப் பிடிக்க விடுங்கள்.