வைடூரியம்: கடல் கடந்த பெயர்

நீளமான கற்களில் துளையிட்டு, யானை முடியில் கோத்து அணிவதில் இந்தியர்களுக்குத் தனி விருப்பம் என்று பொ.ஆ. முதல் நூற்றாண்டில் எழுதினார் ரோமானிய அறிஞர் பிளினி. அந்தக் கல்லை அவர் ‘பெரில்லஸ்’ என்கிறார். இந்தியாவைத் தவிர வேறெங்கும் அது அரிதாகவே கிடைக்கும் என்றும் சொல்கிறார்.

அந்த அரிய கல் கிடைத்த இடங்களுள் ஒன்று நம் கொங்கு நாடு. காங்கேயம் அருகே உள்ள படியூரில் நீலமும் பச்சையும் கலந்த பெரில் கல் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில்கூட அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். சற்று வடக்கே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து புகழும் இந்த ஊரின் அகழாய்வில், தீட்டாத கல், பாதி வேலை முடிந்த மணி, முழுதும் முடிந்த மணி என ஒரு பட்டறையின் எல்லாக் கட்டங்களும் வெளிப்பட்டன. கொங்குப் பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ள ரோமானியக் காசுகள் அந்தக்கால வணிகத்துக்குச் சாட்சி.

சரக்கோடு பெயரும் கப்பலேறியது. வடமொழியில் ‘வைடூர்யம்’, பாலியில் ‘வேளுரிய’, பிராகிருதத்தில் ‘வேருலிய’. கிரேக்கர் வாயில் அது ‘பெரில்லோஸ்’ ஆனது. விதூரம் என்ற இடத்திலிருந்து வந்ததால் வைடூர்யம் என்பது பாணினி இலக்கணம் தரும் விளக்கம். சொல்லின் வேர் திராவிட மொழியில் இருக்கிறது என்று கருதும் மொழியியலாளர்களும் உண்டு.

ஐரோப்பாவில் இந்தப் பெயர் மூக்கின்மேலும் ஏறிக்கொண்டது. இடைக்காலத்தில் தெளிவான பெரிலையும் படிகத்தையும் தேய்த்து லென்ஸ் செய்தார்கள். ஜெர்மானியர்கள் மூக்குக் கண்ணாடியை இன்றும் ‘பிரில்ல’ என்றே அழைக்கிறார்கள்.

பெயருக்குரிய கல்லோ தமிழ்நாட்டில் மாறிவிட்டது. இன்று நகைக்கடையில் வைடூரியம் கேட்டால், நடுவே வெள்ளிக்கோடு ஓடும் பூனைக்கண் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். நவரத்தினங்களில் கேதுவுக்கு உரியதாகச் சொல்லப்படும் அது, கிரைசோபெரில் என்ற வேறு கனிமம். படியூர்க் கல் வேண்டுமானால் ‘அக்வாமரைன்’ என்று கேட்க வேண்டும். பெரில் குடும்பத்தில் இரும்பு கலந்து நீலமானது அக்வாமரைன்; குரோமியத்தால் பச்சையானது மரகதம்.

மரகதமும் பெரிலும் ஒரே இனம் என்பதை வேதியியல்வழி உறுதிசெய்தவர் பிரான்சின் வோக்லன். 1798இல் இரண்டையும் பகுத்துப் பார்த்தபோது, அதுவரை அறியப்படாத ஒரு தனிமம் அவற்றில் இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் இனித்ததால் முதலில் இனிப்பைக் குறிக்கும் பெயரே வைத்தார்கள். பின்னர் ‘பெரிலியம்’ நிலைத்தது. எடை குறைவு, கடுங்குளிரிலும் வடிவம் குலையாத உறுதி என்ற குணங்களுக்காக, 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 முதன்மை ஆடித் துண்டுகளையும் இந்தப் பெரிலியத்தால்தான் செய்திருக்கிறார்கள்.