பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் மீன்

பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கம் நம் பெண்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கனடா தேசத்தின் மேற்குக் கோடியில், பசிபிக் சமுத்திரத்தை ஒட்டிய பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஸால்மன் என்று ஒரு மீன் இருக்கிறது. அதை அழைத்துப் போக அண்ணனும் வருவதில்லை, தம்பியும் வருவதில்லை. ஆற்று வெள்ளத்தை எதிர்த்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீந்தியே போய்ச் சேருகிறது. அதுவும் பட்டினியாக! ஆற்று நீரில் நுழைந்த பிறகு அது ஒன்றும் சாப்பிடுவதில்லை.

அது போகிற வழியிலேயே நாமும் காரில் போய் வரலாம், வாருங்கள். அக்டோபர் ஆரம்பம்தான் நல்ல சமயம். கூடாரம், தூங்கும் பை, ஸ்டவ், கம்பளி எல்லாவற்றையும் வான்கூவர் நகரிலேயே காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊறுகாய் ஜாடியை மறந்துவிடாதீர்கள்.

ஃப்ரேஸர் நதியை ஒட்டியே சாலை போகிறது. சுமார் 150 கிலோமீட்டரில் ஹோப் என்ற சிற்றூர். அதைச் சுற்றியுள்ள கூழாங்கல் திட்டுகளில், மீன் பிடிக்க அனுமதி உள்ள பருவத்தில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தூண்டில் கோலைக் கல்லில் ஊன்றி, நுனியில் சின்ன மணி கட்டிவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்து காப்பி குடிப்பார்கள். மணி கிணுகிணுத்தால் ஓட்டம்தான்! லைசென்ஸ் இல்லாமல் தூண்டிலைத் தொட முடியாது. முள்ளில்லாத கொக்கிதான் போட வேண்டும். மீன் வரத்துக் குறைந்த வருஷங்களில் சில வகைகளைப் பிடிக்க அடியோடு தடை.

ஹோப்பைத் தாண்டினால் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிடுகின்றன. ஏழு சுரங்கங்கள். நடுவே, அத்தனை பெரிய நதியும் சுமார் 35 மீட்டர் அகலச் சந்தில் புகுந்து சீறுகிறது. 'நரக வாசல்' என்று பெயர். பெயர் வைத்தவரைக் குறை சொல்வதற்கில்லை.

இங்கே நின்று ஒரு பழைய கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1913-ல் ரெயில் பாதை போட்டவர்கள் பாறையைப் பிளந்து கற்களை ஆற்றிலேயே தள்ளினார்கள். 1914-ல் மலைச்சரிவும் சேர்ந்துகொண்டது. சந்து இன்னும் குறுகி, வேகம் தாங்காமல் மீன்கள் கீழேயே தேங்கி, முட்டையிடாமலே செத்தன. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் கூடைகளில் மீன்களை அள்ளி, தடையைத் தாண்டிச் சுமந்துபோய் விட்டார்கள் என்று படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. கோடையில் பிடித்து, மலைக்காற்றில் உலர்த்திய ஸால்மன்தானே அவர்களுக்குக் குளிர்காலச் சோறு! ஆற்றின் ஓரத்தில் மீன்கள் ஏறக் கான்கிரீட் வழி கட்டி முடிக்க 1940-கள் ஆயிற்று. முப்பது வருஷம்!

அப்புறம் லிட்டன். சேற்று நிறத்து ஃப்ரேஸரில் நீலப்பச்சைத் தாம்ஸன் நதி கலக்கும் இடம். கொஞ்ச தூரம் இரு நிறமும் ஒட்டாமலே ஓடுகின்றன. 2021 ஜூன் 29-ல் இங்கே வெயில் 49.6 டிகிரி செல்ஸியஸ்! மறுநாளே ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது. ஆற்று நீர் சூடேறினால் மீன்களுக்கும் ஆபத்துத்தான்.

இரவுக்கு ஷுஸ்வாப் ஏரிப் பக்கம் கூடாரம் அடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: உணவு, சோப்பு, பற்பசை, ஒன்றுகூடக் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. எல்லாம் காருக்குள் பூட்டப்பட வேண்டும். மூக்கு நீண்ட விருந்தாளி ஒருவர் உண்டு, கரடியார்!

காலையில் ஆடம்ஸ் நதி. கடலில் வெள்ளியாக மின்னிய 'ஸாக்கை' ஸால்மன்கள் இங்கே கூறைப்புடவைச் சிவப்பில், பச்சைத் தலையோடு மொய்க்கின்றன. 2010, 2014, 2018, 2022 என்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பெருங்கூட்டம். பிறந்த நதியின் வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்கின்றன என்று 1950-களில் பேராசிரியர் ஆர்தர் ஹாஸ்லர் எடுத்துச் சொன்னார். நம் அம்மா வைக்கும் ரசம் நமக்குத் தெருமுனையிலேயே தெரியவில்லையா?

குனிந்து பாருங்கள். பெண் மீன் பக்கவாட்டில் படுத்து, வாலால் கூழாங்கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கிறது. தேய்ந்து வெளுத்த வால். கூன் விழுந்த முதுகும் வளைந்த மூக்குமாக மாப்பிள்ளை அருகிலேயே காவல். சுமார் 4,000 முட்டைகள். கல்லை மூடிவிட்டு, சில நாள் காத்துக் கிடந்து, அங்கேயே செத்துப்போகிறது. அப்பாவும் அப்படியே. குஞ்சுகளின் முகத்தை இருவரும் பார்ப்பதில்லை. குஞ்சுகள் ஏரியில் ஒரு வருஷம் வளர்ந்து கடலுக்குப் போகும். அந்த நாலாயிரத்தில் பெரியவையாகித் திரும்பி வருவது சராசரியாக இரண்டே இரண்டு.

கரையெல்லாம் செத்த மீன். கழுகுகளுக்கும் கரடிகளுக்கும் கல்யாண விருந்து. வாடை சகிக்காது, கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கூடாரத்தைச் சுருட்டக் கிளம்பும்போது, 'இன்னும் ஐந்து நிமிஷம்' என்று நீங்கள்தான் கெஞ்சுவீர்கள்.