முன்வரிசைக்குக் கொடுக்கும் விலை

அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில், கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். லீக்கின் அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. பின்னால் இருக்கும் அணி, தன் முறைகள் சிலவற்றைக் கொடுத்து இன்னோர் அணியின் முன்னிடத்தை வாங்கலாம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்காக நடக்கும் பேரங்களே மிகப் பெரியவை. 2017-இல் கான்சாஸ் சிட்டி 27-ஆம் இடத்திலிருந்து 10-க்கு வந்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் மூன்று கோப்பைகள் கிடைத்தன. 2021-இல் சான் பிரான்சிஸ்கோ 12-லிருந்து 3-க்கு வந்து ட்ரே லான்ஸை எடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக இறங்கியது நான்கே ஆட்டங்களில். ஆனால் விளைவை மட்டும் பார்த்து ஒன்றை அறிவு என்றும் மற்றதை மடமை என்றும் சொல்வது நியாயமல்ல. வாங்கிய நாளில் கொடுத்த விலை என்ன, அன்று அணிக்கு எவ்வளவு தெரிந்திருக்க முடியும் என்பவையே சரியான கேள்விகள்.

தெரிந்திருக்க முடிந்தது குறைவு என்பதற்குச் சான்று உண்டு. கேட் மாசியும் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரே நிலையில் ஆடும் வீரர்களில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரை விஞ்சியது ஏறத்தாழ 52 சதவீதத் தருணங்களில்தான். நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல்! இந்தச் சிறு சாதகத்துக்காக சான் பிரான்சிஸ்கோ அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று முறைகளையும் ஒரு மூன்றாம் சுற்று முறையையும் சேர்த்துக் கொடுத்தது. பிறகு அந்த அணியை 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலுக்குக் கொண்டுசென்றவர், 2022 டிராஃப்டில் கடைசியாக, 262-ஆம் ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி. வாஷிங்டன் 2012-இல் ராபர்ட் கிரிஃபினுக்காக எதிர்காலத்தின் இரண்டு முதல் சுற்று முறைகளை இழந்தது. 2015-இல் அதன் குவார்ட்டர்பேக்காக நின்றவர், அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில் வந்த கிர்க் கசின்ஸ். கரோலைனா 2023-இல் பிரைஸ் யங்குக்காகக் கொடுத்த மறு ஆண்டு முதல் சுற்று முறை, அணி 2–15 எனத் தோற்றதால் முதலிடமாகவே மாறி சிகாகோவிடம் போனது. இழப்பின் கனம் இங்கேதான் இருக்கிறது: தோற்கும் அணி விற்ற முறைதான் விலை ஏறுகிறது.

நல்ல குவார்ட்டர்பேக் இல்லாமல் கோப்பை இல்லை, ஆகவே எந்த விலையும் தகும் என்பார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்த நிலையின் அருமை, அணியின் கணிப்பைக் கூர்மையாக்கிவிடாது. மஹோம்ஸுக்குக்கூட கான்சாஸ் சிட்டி கூடுதலாகக் கொடுத்தது ஒரு முதல் சுற்று முறையும் ஒரு மூன்றாம் சுற்று முறையும்தான். பஃபலோ ஜாஷ் ஆலனுக்காக இரண்டு இரண்டாம் சுற்று முறைகளோடு நிறுத்திக்கொண்டது. லமார் ஜாக்சனோ 32-ஆம் இடம்வரை காத்திருந்தார். ஜாரெட் காஃபுக்குப் பெருவிலை கொடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் அவரோடு சூப்பர் பவுல் வரை போனது உண்மைதான்; கோப்பையை வென்றதோ அவரை அனுப்பி மாத்யூ ஸ்டாஃபர்டை வாங்கிய பிறகு. சில இடங்கள் நகர ஒரு முறையைக் கொடுப்பது தகும். ஒரே கல்லூரி வீரருக்காக மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றை அடகுவைப்பது தகாது.